அத்தியாயம் 5: சந்தையில் சிப்பாயைப் புரட்டிப் பாருங்கள்

பொம்மைச் சிப்பாய்களைப் படம் பார்த்து வாங்குவது இப்போது எளிது. ஏலக் கூடங்கள் தங்கள் பட்டியலை வீட்டுக்கே அனுப்புகின்றன; பணம் கட்டினால் பார்சல் வாசலுக்கு வந்துவிடும். இருந்தாலும், இந்தச் சேகரிப்பில் புதிதாக இறங்குகிறவர் ஒரு சந்தைக்காவது நேரில் போய்வராமல் பெரிய தொகை எதையும் செலவழிக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. கழுத்து ஒடிந்து ஒட்டப்பட்டிருக்கிறதா, வண்ணம் தொழிற்சாலையில் பூசியதா பின்னால் யாரோ பூசியதா, எடை சரியாக இருக்கிறதா என்ற மூன்று கேள்விகளுக்கும் படம் பதில் சொல்லாது. கை சொல்லும். அந்தக் கைப்பழக்கம் வருவதற்கு நிறைய பொம்மைகளைத் தொட்டிருக்க வேண்டும். பல தேசத்து, பல காலத்துச் சிப்பாய்களை ஒரே நாளில் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பு சந்தையில் மட்டுமே கிடைக்கிறது.

எந்தச் சந்தைக்குப் போகலாம்? அமெரிக்காவில் முதலில் சொல்ல வேண்டியது சிகாகோ சந்தை. நகரின் புறநகரான ஷாம்பர்க்கில், செப்டம்பர் வாக்கில், ஒரு ஹோட்டலில் நடப்பது வழக்கம். அதன் விசேஷம், பெரிய கூடத்தில் நடக்கும் கடைசி நாள் விற்பனை மட்டுமல்ல. அதற்கு முந்தைய சில நாட்கள் வியாபாரிகள் தாங்கள் தங்கும் அறைகளிலேயே கட்டிலின் மேலும் மேசையின் மேலும் சரக்கைப் பரப்பிக் கதவைத் திறந்து வைத்துவிடுவார்கள். வாங்க வந்தவர்கள் மாடி மாடியாக ஏறி இறங்கி, அறை அறையாகப் பார்த்துக்கொண்டு போவார்கள். நல்ல சரக்கில் பெரும்பகுதி இந்த அறைகளிலேயே கைமாறிவிடும். கூடம் திறக்கும் நாளில் மட்டும் போகிறவர் பார்ப்பது மிச்சத்தைத்தான். அதனால் சிகாகோவுக்குப் போவதானால் இரண்டு நாள் முன்னதாகவே போய்விடுங்கள்.

லண்டனில் நடப்பவை ஒரு நாள் சந்தைகள். ஆண்டில் சில முறை வரும். பிரிட்டன்ஸ் நிறுவனத்தின் பழைய சிப்பாய்கள் பிறந்த ஊர் என்பதால், அங்கே உடைந்த பொம்மைகளும் உதிரி பாகங்களும்கூடத் தட்டுத் தட்டாகக் கிடைக்கும். கற்றுக்கொள்வதற்கு அந்தத் தட்டுகளை விட நல்ல பாடப்புத்தகம் கிடையாது. பிள்ளைகள் வீட்டுக்கு லண்டனுக்கோ சிகாகோவுக்கோ போகிறவர்கள், பயணத் தேதியை முடிவு செய்யும் முன் சந்தைத் தேதியை நடத்துபவர்களிடமே உறுதி செய்துகொள்ளுங்கள். தேதியும் இடமும் மாறுவது உண்டு.

ஜெர்மனியின் குல்ம்பாக் வேறு உலகம். அங்கே பிளாசன்பர்க் கோட்டைக்குள் இருக்கும் தகர உருவ அருங்காட்சியகத்தில் சுமார் 3 லட்சம் உருவங்கள் உள்ளன. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, ஆகஸ்டில், ஊரே சந்தையாகிவிடும். அங்கே விற்பவை பெரும்பாலும் காகிதம் போல மெலிந்த தட்டை உருவங்கள். 18-ஆம் நூற்றாண்டில் நியூரம்பர்க்கில் ஹில்பெர்ட் குடும்பத்தார் பெயர் பெறச் செய்த வகை இது. பின்னால் அதே ஊரில் ஹைன்ரிக்சன் நிறுவனம் 30 மில்லிமீட்டர் உயரத்தை நிலைப்படுத்தியது. இன்று இவற்றை வாங்குகிறவர்கள் வண்ணம் பூசாத வெறும் வார்ப்பாக வாங்கிப்போய், வீட்டில் உட்கார்ந்து தாங்களே நுண்தூரிகையால் பூசுகிறார்கள். ஓவியத்தில் கை உள்ளவர்களுக்குக் குல்ம்பாக்தான் ஏற்ற இடம். பழைய விளையாட்டுப் பொம்மை தேடுகிறவர்களுக்கு அல்ல.

சந்தை மேசையில் கண்ணில் படும் சிப்பாய்கள் எதனால் ஆனவை என்று ஒரு பார்வையில் பிரித்தறியப் பழக வேண்டும். ஜெர்மனியின் ஹைடே, பிரான்சின் மின்யோ போன்றவை உள்ளும் புறமும் ஈயக் கலவையாகவே வார்க்கப்பட்டவை, கையில் கனக்கும். டிரெஸ்டன் நகரில் இருந்த ஹைடே தொழிற்சாலை 1945 குண்டுவீச்சில் அழிந்துபோனது. எலாஸ்டோலின், லினியோல் என்ற ஜெர்மன் பெயர்களில் வருபவை மரத்தூளும் பசையும் கலந்த கூழைக் கம்பிக் கூட்டின் மேல் அழுத்திச் செய்தவை. ஈரக்காற்று இவற்றுக்கு எமன். உள்ளே கம்பி துருப்பிடித்துப் பருத்தால் காலும் கழுத்தும் வெடித்துவிடும். சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் வசிப்பவர்கள் இந்த வகையைத் தொடாமல் இருப்பதே நல்லது. இவற்றில் நாஜிப் படை உருவங்களும் தலைவர்களின் உருவங்களும் உண்டு. ஜெர்மனியில் அந்தச் சின்னங்களைப் பொதுவெளியில் காட்டச் சட்டத் தடை இருக்கிறது. மற்ற நாடுகளில் வெளிப்படையாகவே விற்கிறார்கள். என் அலமாரியில் அவற்றுக்கு இடமில்லை.

அமெரிக்க மேசைகளில் பார்க்ளே, மனோயில் பெயரில் கிடைக்கும் சிப்பாய்கள் கொஞ்சம் பெரியவை. மூன்று அங்குலத்துக்குக் கூடுதலாக இருக்கும். மலிவுக் கடைகளில் சில்லறைக் காசுக்கு விற்றவை இவை. அதனால் இவற்றில் ஏழை வீட்டுப் பிள்ளைகள் விளையாடிய தேய்மானம் தெரியும். எனக்குப் பிடித்த வகை அது. பிளாஸ்டிக் சிப்பாய்களுக்குத் தனி அத்தியாயம் வேண்டும். இப்போதைக்கு ஒன்று மட்டும்: துப்பாக்கி முனையை வளைத்துப் பார்க்காதீர்கள். பழைய பிளாஸ்டிக் சில சமயம் அப்பளமாக நொறுங்கும். நொறுங்கினால் காசு நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

இனி பிரிட்டன்ஸ். சந்தையில் பாதி நேரம் இதற்கே போகும் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

1893-இல் லண்டனில் வில்லியம் பிரிட்டன் குடும்பத்தார் ஒரு புதிய வார்ப்பு முறையைக் கொண்டுவந்தார்கள். உருக்கிய ஈயக் கலவையை அச்சில் ஊற்றியதும், அச்சின் சுவரைத் தொடும் பகுதி உடனே உறைந்து தோலாகிவிடும். அடுத்த நொடியே அச்சைச் சாய்த்து, நடுவில் உறையாமல் இருப்பதைத் திரும்ப வெளியே கொட்டிவிட்டால் உள்ளே கூடான சிப்பாய் கிடைக்கும். உலோகம் மிச்சம், எடை குறைவு, விலையும் குறைவு. அதுவரை ஆங்கிலேயக் குழந்தைகளின் கையில் இருந்த ஜெர்மன் சிப்பாய்களை இந்தக் கூடு வார்ப்பு சில ஆண்டுகளிலேயே பின்னுக்குத் தள்ளியது. உயரம் 54 மில்லிமீட்டர். அப்போது புழக்கத்தில் இருந்த பெரிய அளவு பொம்மை ரயில்களுக்குப் பொருந்தும்படி வைத்த அளவு அது. இன்றுவரை இந்தத் துறையின் பொது அளவாக நிற்கிறது. வண்ணம் பூசியவர்களில் பலர் தங்கள் வீட்டிலேயே அந்த வேலையைச் செய்துகொடுத்த பெண்கள். 1966-இல் ஈய வார்ப்பு நின்றது.

ஒரு பிரிட்டன்ஸ் சிப்பாயைக் கையில் எடுக்கும் முன் வியாபாரியிடம் கேட்டுவிடுங்கள். எடுக்கும்போது அடித்தட்டைப் பிடித்து எடுங்கள்; துப்பாக்கியையோ கையையோ பிடித்துத் தூக்கினால் ஒடியும். முகத்தைப் பார்த்து மயங்குவதற்கு முன், பட்டுப்புடவை வாங்கும்போது புரட்டி உள்பக்கம் பார்ப்பது போல, முதலில் கவிழ்த்து அடியைப் பாருங்கள். பழைய காலாட்படை வீரர்களில் பலருக்கு அடித்தட்டு நீள்வட்டமாக இருக்கும், பின்னாளில் சதுரமானது. அடியில் தாள் ஒட்டியிருந்தால் அது எழுத்துகளை அச்சிலேயே பொறிப்பதற்கு முந்தைய காலத்தது. அந்தத் தாளிலோ உலோகத்திலோ ஒரு தேதி இருந்தால் அதைத் தயாரித்த தேதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த உருவத்துக்கு உரிமை பதிவான தேதி அது. அதே தேதியோடு பல ஆண்டுகள் வார்த்திருப்பார்கள். புதியவர்கள் அதிகமாக ஏமாறும் இடம் இது. விற்கிறவரில் சிலரும் விவரம் தெரியாமலேயே தேதியைக் காட்டி விலை சொல்வார்கள்.

அடியில் எழுத்து மங்கலாகவும், உருவம் கொஞ்சம் சிறிதாகவும், எடை எதிர்பார்த்ததை விடக் கனமாகவும் இருந்தால், அசல் சிப்பாயிலிருந்து ரப்பர் அச்செடுத்து வார்த்த நகலாக இருக்கலாம். அசல் கூடு வார்ப்பில் உருகிய உலோகம் வெளியேறிய சிறு துளையை எங்காவது காணலாம். பல சமயம் தலையின் மேலேயோ அடியிலோ இருக்கும்.

அடுத்தது கழுத்து. சிப்பாயின் மேல் விழும் ஒவ்வொரு அடியும் முதலில் கழுத்தையே பாதிக்கும். அந்தக் காலத்துப் பிள்ளைகள் ஒடிந்த தலையைத் திரும்ப வைக்கத் தீக்குச்சியை உள்ளே செருகுவார்கள். கூடான உடம்பு என்பதால் கச்சிதமாக உட்காரும். அப்படிப்பட்ட சிப்பாயின் தலையை மெதுவாகத் தொட்டால் லேசாக ஆடும். இது குறைதான், ஆனால் நேர்மையான குறை. உண்மையில் கவலைப்பட வேண்டியது, ஒட்டிய இடத்தின் மேல் புது வண்ணம் பூசி மறைத்ததைப் பற்றித்தான். ஒரு சிறு பூதக்கண்ணாடியும், புற ஊதா ஒளி தரும் கைவிளக்கும் சட்டைப்பையில் இருக்கட்டும். ஒட்டுப்பசையும் சில புதிய வண்ணங்களும் அந்த ஒளியில் தனியே மின்னித் தங்களைக் காட்டிக்கொடுக்கும்.

மறுபூச்சைக் கண்டுபிடிக்க இன்னொரு வழி தேய்மானம். மூக்கு, தொப்பி விளிம்பு, முழங்கால், குதிரையின் காது, துப்பாக்கி முனை ஆகியவை முதலில் தேயும் இடங்கள். நூறு ஆண்டு விளையாடிய பொம்மையில் இந்த இடங்களிலும் வண்ணம் தேயாமல் பளபளவென்று இருந்தால் சந்தேகப்படுங்கள். பழைய பள்ளத்துக்குள் வண்ணம் இறங்கியிருந்தால், அந்தப் பள்ளம் விழுந்த பிறகுதான் பூச்சு வந்தது என்று பொருள். முகத்தையும் பாருங்கள்: இரண்டாம் உலகப் போருக்கு முந்திய வீரர்களில் பலருக்கு மீசை வரைந்திருப்பார்கள்; பிந்தியவர்களுக்குப் பெரும்பாலும் இல்லை.

ஒரு கையைத் தோளில் மாட்டிச் சுழலும்படி செய்தது பிரிட்டன்ஸின் பெயர்பெற்ற அம்சம். கழன்று தொலைந்த கைகளுக்கு மாற்றுக் கைகள் தனியாக வார்த்து விற்கப்படுகின்றன, தலைகளும் அப்படியே. மாற்றுக் கை இருப்பதால் பொம்மையை ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் சொல்லிவிட்டு விற்கிறாரா என்று பாருங்கள். "இதில் எதையாவது மாற்றியிருக்கிறீர்களா?" என்று நேராகக் கேளுங்கள். நல்ல வியாபாரி கேட்பதற்கு முன்பே சொல்வார். அவரிடம் மறுமுறையும் வாங்கலாம்.

பெட்டியோடு வரும் செட்டுகளுக்கு வேறு கணக்கு. காலாட்படை என்றால் எட்டு வீரர், குதிரைப்படை என்றால் ஐந்து பேர் என்பது வழக்கமான பெட்டி. சிவப்பு அட்டைப்பெட்டியின் மேல் ஃப்ரெட் விஸ்டாக் வரைந்த லேபிள் இருந்தால் பெட்டிக்கே தனி விலை. உள்ளே அட்டையில் நூலால் கட்டிய கட்டு அவிழாமல் இருந்தால் விலை இன்னும் ஏறும். இங்கே கவனிக்க வேண்டியது, வேறு வேறு வீட்டிலிருந்து வந்த வீரர்களைச் சேர்த்து ஒரே பெட்டியில் அடுக்கி, செட் என்று விற்பதை. எட்டு பேரின் அடித்தட்டும் ஒரே வகையா? சிவப்புக் கோட்டுகள் ஒரே அளவில் மங்கியிருக்கின்றனவா? ஒரே அலமாரியில் நூறு ஆண்டு நின்றவர்கள் ஒரே மாதிரிதான் வெளுப்பார்கள்.

பிரிட்டன்ஸின் பழைய எண்களில் 67-ஆம் எண் செட் முதலாம் மெட்ராஸ் சுதேசிக் காலாட்படை. 1890-களில் வந்தது. தலைப்பாகை கட்டிய நம் நாட்டுச் சிப்பாய்கள், அவர்கள் யாருக்காகப் போரிட்டார்களோ அந்தத் தேசத்துக் குழந்தைகளின் விளையாட்டு அறைத் தரையில் அணிவகுத்தார்கள். தமிழ்ச் சேகரிப்பாளர்கள் இந்தச் செட்டை முதலில் தேடுவது இயல்பு. நானும் அதைத் தேடச் சொல்வேன். மெட்ராஸ் படையில் நம் ஊர்களிலிருந்து சேர்ந்தவர்களின் முகம் எப்படி இருந்தது என்று அந்தத் தொழிற்சாலைக்குத் தெரியாது. எல்லா இந்திய வீரருக்கும் ஒரே பழுப்பு நிறத்தைப் பூசிவிட்டார்கள். ஆனாலும் அந்தப் படைப்பிரிவு இருந்தது என்பதற்கு வீட்டு அலமாரியில் வைக்கத்தக்க சாட்சி இது. அவசரம் வேண்டாம்: இந்தியப் படைச் செட்டுகளுக்குத் தேவை அதிகம் என்பதால் மறுபூச்சும் தலை மாற்றமும் இவற்றில் கூடுதல். வேறு வீரரின் உடம்பில் தலைப்பாகைத் தலையை வைத்து உருவாக்கியவையும் உண்டு. கழுத்தை இரண்டு முறை பாருங்கள்.

துப்பாக்கி வண்டிகளும் பீரங்கிகளும் தனி மேசைகளில் கிடைக்கும். நாவலாசிரியர் எச்.ஜி. வெல்ஸ் 1913-இல் வெளியிட்ட 'லிட்டில் வார்ஸ்' நூலில் வீட்டுத் தரையில் போர் விளையாடும் விதிகளை வகுத்தார். வில் விசையால் மரக்குண்டு சுடும் பிரிட்டன்ஸின் 4.7 அங்குலக் கடற்படைப் பீரங்கிதான் அந்த விளையாட்டின் உயிர். பொம்மைச் சிப்பாய்களை வைத்து ஆடும் இன்றைய மேசைப் போர் விளையாட்டுகளுக்கு ஒரு முக்கிய முன்னோடி அந்த நூல் என்று கொள்ளலாம். அந்தப் பீரங்கியை வாங்குவதானால் விசை வேலை செய்கிறதா என்று வியாபாரியையே இயக்கிக் காட்டச் சொல்லுங்கள்.

பேரத்துக்கு வருவோம். சந்தையில் விலை எழுதி ஒட்டியிருந்தாலும் பேசலாம், ஆனால் மரியாதையோடு. சரக்கைக் குறை சொல்லி விலை இறக்கப் பார்ப்பது நம் ஊர்ச் சந்தையில் நடக்கலாம். இங்கே அது வியாபாரியைப் புண்படுத்தும், அவர் வாயை மூடிக்கொள்வார். பிடித்தவற்றை இரண்டு மூன்றாகச் சேர்த்து எடுத்து, மொத்தத்துக்கு என்ன விலை என்று கேளுங்கள். ரொக்கமாகக் கொடுத்தால் சற்று இறங்குவார்கள். பக்கத்து மேசைக்காரர் சொன்ன விலையை எடுத்துச் சொல்லாதீர்கள். ஒருவர் கையில் ஒரு பொம்மை இருக்கும்வரை அதற்கு விலை பேசாதீர்கள். அவர் கீழே வைத்த பிறகுதான் உங்கள் முறை. முன்கூட்டி நுழையக் கூடுதல் கட்டணம் வாங்கும் சந்தைகளில், அரிய பொருள் தேடுகிறவருக்கு மட்டுமே அந்தக் காசு பயன்படும். கற்றுக்கொள்ளப் போகிறவர் மதியத்துக்கு மேல் போகலாம். கூட்டம் குறைந்திருக்கும், வியாபாரிகளுக்குப் பேச நேரம் இருக்கும். திரும்ப மூட்டை கட்ட விரும்பாதவர் விலையையும் குறைப்பார்.

போகும் முன் ஒரு புத்தகமாவது படித்துவிட்டுப் போங்கள். பிரிட்டன்ஸ் பற்றி ஜேம்ஸ் ஓபி எழுதிய நூல்கள்தான் அடிப்படை. செட் எண்களை ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு போனால், மேசைக்கு முன் நின்று திண்டாட வேண்டாம். செலவு செய்யும் தொகையையும் அதே குறிப்பேட்டில் முன்பே எழுதிவிடுங்கள்.

ஹாங்காங்கைச் சேர்ந்த கிங் அண்ட் கன்ட்ரி போன்ற புதிய நிறுவனங்களின் சிப்பாய்களும் சந்தையில் நிறைய இருக்கும். அழகாக, நுணுக்கமாக, கடையிலிருந்து நேராக வந்தவையாக இருக்கும். ஆசைக்காக வாங்குங்கள். பின்னால் விலை ஏறும் என்று நம்பி வாங்காதீர்கள். அப்படிச் சொல்லி விற்கிறவரிடம் எதையும் வாங்காதீர்கள்.

வாங்கியவற்றை அமிலமற்ற மெல்லிய தாளில் ஒவ்வொன்றாகச் சுற்றி, கையில் கொண்டுபோகும் பையில் வையுங்கள். ஈயம் எக்ஸ்ரேயில் கருப்பாகத் தெரியும், விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள். எளிதாகத் திறந்து காட்டும்படி அடுக்குங்கள். ரசீதை விடாதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் அலமாரியைப் பற்றி யோசியுங்கள். ஈயச் சிப்பாய்க்கு வரும் நோய் ஒன்று உண்டு: மேலே சாம்பல் வெள்ளையாகத் தூள் பூத்து, வண்ணத்தைத் தள்ளிக்கொண்டு, கடைசியில் உருவமே உதிரும். மரத்திலிருந்தும் புதிய வார்னிஷிலிருந்தும் வரும் அமில ஆவியும் ஈரக்காற்றும் சேர்ந்து இதைச் செய்கின்றன. ஓக் மர அலமாரி எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். கண்ணாடியும் உலோகமும் கொண்ட அலமாரியே பாதுகாப்பு; சிலிக்கா ஜெல் பொட்டலங்களை வைத்து அவ்வப்போது மாற்றுங்கள். சந்தையில் வாங்கும்போதே அடியில் வெள்ளைத் தூள் இருக்கிறதா என்று பார்த்துவிடுவது இன்னும் நல்லது. இவற்றைத் தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஈயம் நஞ்சு. சிறு குழந்தைகள் கையில் கொடுக்கவே கூடாது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவும் கூடாது, அந்தத் தூள் மூச்சில் போகும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். தேய்ந்த சிப்பாயை வாங்கினால் தேய்ந்தபடியே வைத்திருங்கள். வண்ணம் உதிர்ந்த இடத்தில் புது வண்ணம் பூசாதீர்கள், தீக்குச்சி செருகிய கழுத்தைச் 'சரி' செய்யாதீர்கள். பூசிய வண்ணத்தைப் பின்னால் யாராலும் பழையபடி எடுக்க முடியாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டில் எங்கே, எப்போது, யாரிடம், என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்று எழுதி அதன் அருகிலேயே வையுங்கள். உங்களுக்குப் பிறகு அதை எடுத்துப் பார்க்கிறவருக்கு அந்தச் சீட்டு வேண்டும்.